நகராத ஆய்வேட்டை நகர்த்திய ஓர் அட்டவணை

திரைப்படக் கல்வியில் முதுகலை ஆய்வேட்டுக்கு நான் முதலில் தேர்ந்த தலைப்பு ‘திரைப்படத்தில் மௌனம்’. நான்கு மாதங்கள் குறிப்பெடுத்தும் ஓர் இயல்கூட உருப்பெறவில்லை. எதைப் படித்தாலும் அது தலைப்புக்குள் அடங்கிவிட்டது. எதையும் விலக்க முடியாததே கோளாறு என்று உணர எனக்கு வெகுநாள் ஆயிற்று.

“உங்கள் கருத்து தவறு என்று எந்தக் காட்சி காட்டும்?” என்று நெறியாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதன்பின் தலைப்பை ஒதுக்கிவிட்டு, ஒரே இயக்குநரின் மூன்று படங்களில் உரையாடல் நின்ற பிறகு ஷாட் (இடையில் வெட்டில்லாமல் தொடரும் படத்துண்டு) எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் தொடக்க நேரம், நீளம், கேமராவின் தொலைவு, அசைவு, ஒலி ஆகியவற்றை அட்டவணையில் பதிந்தேன். சலிப்பூட்டும் வேலைதான். 90 நிமிடப் படத்தில் 600 ஷாட்கள் இருந்தால் சராசரி நீளம் 9 வினாடி. ஆனால் மிக நீண்ட சில ஷாட்கள் சராசரியை உயர்த்திவிடுவதால் இடைநிலை அளவையும் (நீள வரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் நீளத்தையும்) சேர்த்துக் கணக்கிட்டேன். வினாடிக்கு 24 சட்டகமாக (தனித்தனி அசையாப் படமாக) எடுக்கப்பட்ட படம், பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் பெரும்பாலும் 25 சட்டகமாக ஓடி, நேரத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு சுருங்கிவிடும் என்பதை அறியாமல் இரு வகைப் பதிப்புகளையும் கலந்து அளந்திருந்ததால், ஒரு வாரத்து வேலையை மீண்டும் செய்ய நேர்ந்தது.

அட்டவணை முடிந்ததும் இரண்டாம் படம் என் ஊகத்துக்கு நேர்மாறாக நின்றது. முதலில் எழுதி முடித்த இயல் அதைப் பற்றியதே. முன்னுரையைக் கடைசியில்தான் எழுதினேன்.