டர்பன் தமிழ் வகுப்பில் போன்: எதற்கு, எந்த அளவுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். 1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் நாலாவது, ஐந்தாவது தலைமுறை இவர்கள். ஞாயிறன்று கேட்ட ழகரம் அடுத்த ஞாயிறுவரை காதில் விழாது. போனுக்கு வகுப்பில் வேலை இருக்கிறது என்றால் முதலில் அங்கேதான்: குரல் வீட்டுப்பாடம். ஆசிரியராகிய நீங்கள் சொற்களைப் பதிவு செய்து அனுப்ப, பிள்ளை வீட்டில் திருப்பிச் சொல்லித் தன் பதிவை அனுப்பும். எழுத்துப் பயிற்சிக்கு நோட்டும் பென்சிலும் போதும்.

தொடங்குமுன் சம்மதம் வாங்குங்கள். போப்பியா எனப்படும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தகவலைக் கையாளப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். ஆள் அடையாளம் தெரியும் படமும் குரலும் இதில் அடங்கும். எதைச் சேகரிக்கிறோம், எதற்கு, யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விழாப் படங்களைப் பொதுவில் போடுவதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். வீட்டுப்பாடத்துக்குச் சரி என்றவர் அதற்கும் சரி என்றதாக ஆகாது.

பதிவு செய்யும் முறை: வலி, வளி, வழி போல மூன்று நான்கு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பின் மூன்று விநாடி இடைவெளி, பிள்ளை திருப்பிச் சொல்ல. மொத்தம் இருபது விநாடியைத் தாண்ட வேண்டாம். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். நெருங்கினால் மூச்சுக்காற்று பட்டுப் பகரமும் தகரமும் வெடிக்கும். வீடியோ வேண்டாம். ஒரு நிமிடக் குரல் ஒரு எம்பிகூட வராது, வீடியோ பல எம்பி தின்னும். டேட்டா காசு பெற்றோருடையது.

பிள்ளை தானே வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13. ஆகவே சின்னப் பிள்ளைகளின் பதிவு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எண்ணிலிருந்து உங்களுக்குத் தனியாக வரட்டும். குழுவில் கேட்டால் இரண்டு தொல்லை. எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். தப்பாகச் சொன்ன பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை கேலி செய்யும், அதன்பின் அது வாயே திறக்காது. குழுவை அறிவிப்புக்கு மட்டும் வைத்து, அட்மின் மட்டுமே எழுதும்படி அமைத்துவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது சேமிப்பில். வாட்ஸ்அப்பில் வரும் படமும் வீடியோவும் தானாக உங்கள் கேலரியில் சேரும். அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போய், வீட்டு டிவியில் குடும்பப் படங்களோடு ஓடக்கூடும். கேலரியில் சேர்க்கும் அந்த வசதியை, அதாவது வாட்ஸ்அப் அமைப்பில் உள்ள மீடியா விசிபிலிட்டியை, அணையுங்கள். அந்த உரையாடல்களில் செய்திகள் தானே மறையும் வசதியை 90 நாளுக்கு வைத்தால் ஒரு பருவத்துக்குப் போதும். அதற்குள் யாராவது சேமித்து வைத்திருந்தால் அது மறையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

புரொஜெக்டரில் போன் திரையைக் காட்டுமுன் அறிவிப்புகளை நிறுத்தும் டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வங்கிச் செய்தி முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பாடமாகும். யூடியூபில் ஆட்டோபிளேயை அணையுங்கள். புள்ளியும் கொம்பும் பின்வரிசைக்குத் தெரிய, தமிழ் எழுத்து 40 பாயின்ட் அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். மின்தடை நீண்டால் செல்போன் கோபுரமும் படுத்துவிடும்; பாடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பயிற்சித்தாள் பெற்றோர் போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், ஏனென்றால் அந்த எழுத்துரு அங்கே இல்லை. யூனிகோடுக்கு மாற்றி, ஒ, ஓ வரிசைகளைக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்து, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

ஏஐயிடம் பயிற்சித்தாள் கேட்கலாம்; பிள்ளையின் பெயரையோ மதிப்பெண்ணையோ அதில் தட்டாதீர்கள். ல ள ழ, ர ற, ந ன ண ஆகியவற்றில் அது சறுக்கக்கூடும். குறள் கேட்டால் சில நேரம் இல்லாத குறளையே எண்ணோடு கொடுக்கும். எண்ணில் ஒன்றைக் கழித்து, பத்தால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் அதிகார எண்: 391 என்றால் 40, கல்வி. அதிகாரமே பொருந்தவில்லையா, தூக்கிப் போடுங்கள். பொருந்தினாலும் அச்சுப் புத்தகத்தில் பார்த்தபிறகே பலகையில் எழுதுங்கள்.