சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை: லேபுக்குப் போகுமுன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

சோறும் இட்லியுமே அன்றாட உணவாக உள்ள மதுரை வட்டாரத்தில் சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலையே தாக்கும் நோய்), கோதுமை மிகுதியாக உண்ணும் வட மாநிலங்களை விட அரிது. எனினும், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு மசியாத ரத்தசோகையோ, ஓயாத வயிற்றுப்போக்கோ, பிள்ளையின் வளர்ச்சிக் குறைவோ இருந்தால், இந்நோய்க்கான பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களும் சீலியாக் நோயாளியின் உடன்பிறந்தோரும் அறிகுறி இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும்.

ரத்தத்தில் தேடப்படுவது குளூட்டன் அல்ல; குளூட்டன் உள்ளே செல்லச் செல்ல, உடல் தன் சொந்த நொதி ஒன்றுக்கு எதிராக உருவாக்கும் ஆன்டிபாடிகளே (எதிர்ப்புப் புரதங்களே) தேடப்படுகின்றன. கோதுமையைக் கைவிட்ட சில மாதங்களில் அவை குறைந்து, நோய் இருந்தும் முடிவு இயல்பாக வந்துவிடக்கூடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புரோட்டா சாப்பிடுவது இதற்குப் போதாது. பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரங்கள், நாள்தோறும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் சப்பாத்தி, ரவை உப்புமா, சேமியா போன்றவற்றை உண்ண வேண்டும் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். ஏற்கெனவே நிறுத்தியவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், மருத்துவரின் மேற்பார்வையில்தான் மீண்டும் தொடங்க வேண்டும்.

பரிசோதனைச் சீட்டில் இரண்டு பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: டிடிஜி ஐஜிஏ (அந்த நொதிக்கு எதிரான, ஐஜிஏ வகை ஆன்டிபாடி), மொத்த ஐஜிஏ (ரத்தத்திலுள்ள ஐஜிஏ வகை ஆன்டிபாடிகளின் மொத்த அளவு). இரண்டாவதை வீண்செலவென்று விட்டுவிடக் கூடாது. சீலியாக் நோயாளிகளில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதத்தினருக்கு ஐஜிஏ வகை ஆன்டிபாடியே போதிய அளவில் இராது. அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டும் என்பதால், ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனை தேவைப்படும். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. அளவுகள் லேபுக்கு லேப் மாறுவதால், உங்கள் எண்ணை அதே அறிக்கையில் அச்சிட்டுள்ள உச்சவரம்போடு மட்டும் ஒப்பிடுங்கள். பல உணவுகளுக்குச் சேர்த்து விற்கப்படும் ஐஜிஜி ‘ஒவ்வாமைத் தொகுப்பு’களால் இந்நோயைக் கண்டறிய முடியாது, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முடிவு உயர்வாக வந்தால், பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோபி (வாய்வழியே செலுத்தும் கேமராக் குழாய்) வழியே சிறுகுடலின் முற்பகுதியில் திசு எடுத்து உறுதிசெய்வார்கள். குழந்தைகளுக்கு டிடிஜி அளவு உச்சவரம்பைப் போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இன்னொரு ரத்த மாதிரியில் இஎம்ஏ என்ற, இந்நோய்க்கான மற்றோர் ஆன்டிபாடியும் தென்பட்டால், திசுப் பரிசோதனையின்றியே முடிவுசெய்யலாம் என்கிறது 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல். திசு எடுக்கும் நாள்வரை கோதுமையைத் தொடர வேண்டும். நோய் உறுதியான பின், சமையலறையில் மைதா கலந்த கூட்டுப் பெருங்காயத்தையும் தேடி அகற்றுங்கள்.