ஹப் ரிங் அளவு: அலாய் வீல் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குப் புதிதாக அலாய் வீல் போட்ட பிறகு, மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாமல் ஓடும் வண்டி 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங்கில் மெல்லிய நடுக்கம் காட்டினால், பெரும்பாலானோர் முதலில் வீல் பேலன்சிங்கைத்தான் சந்தேகிப்பார்கள். நானும் அப்படித்தான் சந்தேகித்தேன். என் ஸ்விஃப்ட்டுக்கு வெளிச்சந்தை அலாய் வீல் மாட்டியபின் இரண்டு முறை பேலன்சிங் செய்தேன். இரண்டு முறையும் இயந்திரம் சுழியம் காட்டியது, நடுக்கம் மட்டும் போகவில்லை. மூன்றாம் முறை சக்கரத்தைக் கழற்றியபோதுதான் நடுத்துளையில் இருந்த ஹப் ரிங் எனப்படும் பிளாஸ்டிக் வளையத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் ஓரத்தில் 73.1 – 56.1 என்று பொறித்திருந்தது. ஸ்விஃப்ட்டுக்கு வேண்டிய உள்விட்டம் 54.1 மி.மீ. ஹோண்டா சிட்டிக்கு உரிய வளையத்தைக் கடையில் மாட்டிவிட்டிருந்தார்கள்; சக்கரம் மாட்டப்படும் சுழலும் பாகமான ஹப்பின் மேல் வைத்து விரலால் தள்ளினால் அது அங்குமிங்கும் ஆடியது.

ஹப் ரிங் என்பது ஓர் இடைவெளியை நிரப்பும் வளையம். சக்கரம் உட்காரும் பரப்பின் நடுவே வட்டமாகத் துருத்தி நிற்பது ஹப்பின் விளிம்பு. கம்பெனியிலிருந்து வரும் வீலின் நடுத்துளை அந்த விளிம்பில் கச்சிதமாகப் பொருந்தும்படி கடையப்பட்டிருக்கும். வெளிச்சந்தை வீலைச் செய்பவர்களோ ஒரே வீலைப் பல கார்களுக்கும் விற்க வேண்டியிருப்பதால், நடுத்துளையை 67.1, 72.6, 73.1 மி.மீ. எனப் பெரிதாகவே விட்டுவிடுகிறார்கள். ஆகவே வளையத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு: வெளிவிட்டம் வீலின் துளைக்கும், உள்விட்டம் காரின் ஹப்புக்கும் பொருந்த வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வளையம் இருந்தும் இல்லாததுபோல்தான்.

நான்கு நட்டும் சரியாக ஏறிவிட்டால் வீல் பொருந்திவிட்டது என்று நினைப்பதே எல்லாத் தவறுகளுக்கும் தாய்த்தவறு. நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவான பிசிடி வேறு, நடுத்துளை வேறு. ஸ்விஃப்ட்டும் ஹோண்டா சிட்டியும் 4×100 (நான்கு நட்டு, 100 மி.மீ. வட்டம்) பிசிடி உடையவை; ஆனால் ஹப் அளவு ஒன்றுக்கு 54.1, மற்றதற்கு 56.1. ஐந்து நட்டு வண்டிகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 5×114.3 என்ற ஒரே பிசிடியில் டொயோட்டாவுக்கு 60.1, ஹோண்டாவுக்கு 64.1, நிஸானுக்கு 66.1, ஹூண்டாய்க்கு 67.1 என்பவை பரவலாகக் காணப்படும் அளவுகள். ஒரே பெயரில் வரும் கார்கூட தலைமுறை மாறும்போது அளவு மாறும். பழைய ஆடி ஏ4-இன் ஹப் 57.1, பின்னால் வந்த தலைமுறைகளில் அது 66.5 ஆனது, பிசிடி மட்டும் 5×112 ஆகவே இருந்தது. ஆகவே கார் பெயரைச் சொல்லி வளையம் வாங்குவது போதாது. அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அளப்பதிலும் தவறு நேர்கிறது. டேப்பும் ஸ்கேலும் இந்த வேலைக்கு உதவா. வெர்னியர் காலிப்பர் வேண்டும். வீலை அளக்கும்போது முன்பக்கம் மூடி மாட்டும் பள்ளத்தை அளந்துவிடக் கூடாது, ஏனெனில் அந்த அளவுக்கும் ஹப்புக்கும் தொடர்பில்லை. வீலைக் குப்புறப் போட்டு, ஹப்பில் உட்காரும் பின்பக்கத் துளையின் வாயில் இருக்கும் சாய்வான விளிம்பைத் தாண்டி, நேராகக் கடையப்பட்ட சுவரில் காலிப்பரின் உள்தாடைகளை வைத்து அளக்க வேண்டும். பல வீல்களில் ஆரக்கால்களின் பின்புறத்திலேயே நடுத்துளை அளவு வார்க்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்தாலும் ஒருமுறை அளந்து உறுதி செய்துகொள்வது நல்லது. ஹப்பை அளக்கும் முன் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, இரண்டு மூன்று திசைகளில் அளக்க வேண்டும். காலிப்பர் 54.0 காட்டினால் குழம்ப வேண்டாம். சற்று இடைவெளி விட்டே வளையம் செய்யப்படுவதால் அதற்குரிய வளையம் 54.1 தான். ஆனால் 72.6-க்கு 73.1-ஐயும், 66.6-க்கு 67.1-ஐயும் ‘கிட்டத்தட்ட அதுதானே’ என்று தரும்போது வாங்கக் கூடாது. அந்த அரை மில்லிமீட்டரை ஒழிப்பதற்காகத்தான் வளையமே போடுகிறோம்.

அரை மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டயரோடு சேர்த்து 16 கிலோ எடையுள்ள சக்கரம், விட்டத்தில் உள்ள அந்த அரை மில்லிமீட்டரில் பாதியான 0.25 மி.மீ. நடுவிலிருந்து விலகி நின்றால், அது 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் ஏறத்தாழ 20 கிராம் ஈயத்தை வேண்டாத இடத்தில் ஒட்டியதற்குச் சமம். இதை பேலன்சிங் இயந்திரம் கண்டுபிடிக்காது. அந்த இயந்திரம் சக்கரத்தின் நடுத்துளையில் கூம்பைச் செருகி, துளையையே மையமாகக் கொண்டு சுழற்றுகிறது; எனவே அங்கே சுழியம் காட்டும் சக்கரம் காரில் மையம் தவறி உட்காரும்போது நடுங்கத்தான் செய்யும். எனக்கு இரண்டு முறை செலவு வைத்த புதிர் இதுதான்.

வளையம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வண்டியின் எடையை வளையம் தாங்குவதில்லை. நட்டுகளின் இறுக்கமும், வீலும் ஹப்பும் ஒட்டும் பரப்பின் உராய்வுமே தாங்குகின்றன. கூம்பு வடிவ நட்டுகள் வீலை ஓரளவு நடுவுக்கு இழுத்தும் வருகின்றன. ஆனால் கனமான சக்கரம் தன் எடையால் ஹப்பின் மேல் கீழிறங்கித் தொங்கும்போது, காற்றழுத்தத்தால் நட்டு முறுக்கும் துப்பாக்கியால் முதல் நட்டை ஒரேயடியாக முறுக்கிவிட்டால், விலகிய இடத்திலேயே அது பிடித்துக்கொள்கிறது. இறுக்கும் அந்தச் சில நிமிடங்களில் சக்கரத்தை நடுவில் நிறுத்தி வைப்பதே வளையத்தின் வேலை. அதனால் சரியான வளையம் போட்ட பிறகும், வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே எதிரெதிர் நட்டுகளாகக் கையால் இறுக்கி, இறக்கிய பின், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கார் கையேடு சொல்லும் அளவுக்கு முடிக்க வேண்டும். நட்டின் கூம்பு வீலின் குழிக்குப் பொருந்தவில்லையென்றால், அந்தக் குறையை எந்த வளையமும் ஈடுசெய்யாது.

வீலின் துளை ஹப்பைவிடச் சிறியதாக இருந்தால் வளையத்துக்கு வேலையே இல்லை. அந்த வீல் அந்தக் காருக்கு ஆகாது. 1990களின் பிற்பகுதியில் வந்த இ39 வரிசை பிஎம்டபிள்யூ 5 சீரிஸின் ஹப் 74.1. அதே நிறுவனத்தின் வேறு கார்களில் பரவலாக உள்ள 72.6 வீல் அதில் ஏறாது. நட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்க முயன்றால் வீல் பரப்போடு பரப்பாக ஒட்டாமல் நிற்கும். சற்று ஓடியதும் நட்டுகள் தளரும்.

அளவு கிடைக்கவில்லை என்று வளையத்தின் மேல் டேப் சுற்றுவதும், தகரத்தை வளைத்துச் செருகுவதும், ஒரு வளையத்துக்குள் இன்னொன்றைப் போடுவதும் கூடவே கூடாது. தடிமனையும் பார்க்க வேண்டும்: வளையத்தின் விளிம்பு வீலின் பின்பரப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வீல் ஹப் பரப்பில் முழுதாக ஒட்டாது. பிளாஸ்டிக்கா அலுமினியமா என்ற கேள்வியில், சாதாரண ஓட்டத்துக்கு நல்ல பிளாஸ்டிக்கே போதும் என்பது என் கருத்து. அது துருவோடு ஒட்டிக்கொள்ளாது. மலைச்சாலையில் அடிக்கடி பிரேக் சூடேறும் வண்டிகளில் அது இளகவும் விரிசல் விடவும் வாய்ப்புண்டு என்பதால் அங்கே அலுமினியம் நல்லது. ஆனால் அலுமினிய வளையம் எஃகு ஹப்போடு இறுகிக்கொள்ளும் என்பதால், வளையம் உட்காரும் விளிம்பில் மட்டும் மெல்லியதாகக் கிரீஸ் தடவ வேண்டும். வீல் ஒட்டும் பரப்பிலும் நட்டு மரையிலும் அது படக் கூடாது.

பலருக்கும் தோன்றாத ஒன்று ஸ்டெப்னி. பஞ்சரானதும் அலாய் வீலைக் கழற்றும்போது வளையம் சில நேரம் வீலோடு வராமல் ஹப்பிலேயே தங்கிவிடும். ஸ்டெப்னியோ கம்பெனியின் இரும்பு வீல், அதன் துளை ஹப்பின் அளவே. வளையத்தின் மேல் அதை வைத்து இருட்டில் முறுக்கினால், நட்டு இறுகியதுபோல் தோன்றும், வீல் உட்கார்ந்திருக்காது. முதலில் ஹப்பைத் தடவிப் பார்த்து, வளையம் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிலும் சிறிது சிறிதாக நெம்பி எடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் கையுறைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பஞ்சர் ஒட்டிய பின் அலாய் வீலைத் திரும்ப மாட்டும்போது அது வேண்டும்.