தூக்குத் தண்டனை பற்றிப் பட்டிமன்றம் நடத்துவது எப்படி?

மதுரையில் கோயில் திருவிழா மேடையோ கல்லூரி அரங்கோ, தலைப்பில்தான் பாதி வேலை. ‘தூக்கு தேவையா?’ என்று வைத்தால் இரு அணியும் ஆவேசத்தில் இறங்கிவிடும். ‘தூக்கு: குற்றத்துக்கு ஈடா, திருத்த முடியாத பிழையா?’ என்று வையுங்கள். அணிக்கு மூவர், ஆளுக்கு 8 நிமிடம், நடுவருக்கு 15.

பேச்சாளர்களுக்கு முதலில் சட்டம் தெரிய வேண்டும். கொலைக்கு ஆயுள் தண்டனைதான் பொது விதி. தூக்கு விதித்தால் நீதிபதி தனிக் காரணம் எழுத வேண்டும். ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற அளவுகோல் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் வந்தது. மதுரை அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது. அதற்குமேல் உச்ச நீதிமன்றம்; பிறகு கருணை மனு, ஆளுநரிடம் அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவில், குடியரசுத் தலைவரிடம் 72-இல். இது தெரியாமல் ‘மறுநாளே தூக்கில் போடு’ என்பவர் எதிரணிக்கு லட்டு.

ஆதரவு அணி ‘பயம் வரும்’ என்பதையே நம்பினால் சறுக்கும். ஆயுள் தண்டனையைவிடத் தூக்கு கூடுதலாகக் குற்றத்தைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. செய்த கொடுமைக்குத் தக்க தண்டனை என்ற வாதமே வலுவானது.

எதிரணி கோவலனை இழுக்கும், கைதட்டலும் விழும். ஆனால் அவன் முறையான விசாரணையின்றி வெட்டப்பட்டவன். விசாரித்தும் பிழை வரும் என்பதைத் தனியே காட்டச் சொல்லுங்கள்.

நிலுவையிலுள்ள உள்ளூர் வழக்கு எதையும் மேடையில் தொடக்கூடாது. இதை முந்தின நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள்.