லூசிட் கனவு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிமுறை

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துவிடுவதுதான் லூசிட் கனவு. கனவை இஷ்டப்படி ஆட்டிவைப்பது வேறு விஷயம். அது சில நாள் கைகூடும், பல நாள் கூடாது. புதியவர்கள் பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பறக்க முடியவில்லை என்பதற்காக முயற்சியே தோற்றுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். கனவென்று தெரிந்து ஐந்தே விநாடியில் விழிப்பு வந்துவிட்டாலும் அது லூசிட் கனவுதான். நோட்டில் தாராளமாகக் கணக்கு வையுங்கள்.

இது கற்பனைச் சமாச்சாரம் இல்லை. கனவு காணும் நேரத்தில் கைகால் தசைகள் இயங்காது, ஆனால் கண் தசைகள் இயங்கும். இதை வைத்துத்தான் 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நிரூபித்தார். ஆலன் வொர்ஸ்லி என்பவர், முன்பே பேசிவைத்தபடி, கனவுக்குள் இருந்துகொண்டே கண்ணை இடமும் வலமுமாக அசைத்துக் காட்ட, கருவி அதைப் பதிவுசெய்தது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதே முடிவுக்கு வந்தார். கீழே சொல்லும் முறைகளில் முக்கியமானது அவர் உருவாக்கியதுதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். ஸ்கிசோஃப்ரினியா போல, நிஜம் எது நினைப்பு எது என்ற கோடு மங்குகிற மனநலச் சிக்கல் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். தூக்கமே சரியாக வராதவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

விடிகாலைதான் கனவின் நேரம்

தூக்கம் ஒரே சீராகப் போவதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ரெம் தூக்கம் வருகிறது. மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டம் அது. தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் அதில்தான். முன்னிரவில் இந்தக் கட்டம் சில நிமிடங்களே இருக்கும். விடிய விடிய நீண்டு, கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரத்தையும் தாண்டும். இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழுபவருக்கு, 4 மணிக்கு மேல் உள்ள நேரம்தான் விளைநிலம்.

ஐந்து மணி நேரம் மட்டும் தூங்குபவர் இந்த நிலத்தைத்தான் வெட்டி எறிகிறார். எந்த உத்தியும் அதை ஈடுகட்டாது. மது அருந்திவிட்டுப் படுத்தாலும் இதே கதி: முன்னிரவின் ரெம் தூக்கம் குறைகிறது, பின்னிரவுத் தூக்கம் துண்டுதுண்டாகிறது. தினமும் ஒரே நேரத்தில் படுத்து, ஏழரை எட்டு மணி நேரம் தூங்குவது முதல் வேலை.

கனவு நோட்டு: முதல் இரண்டு வாரம் இது மட்டும்

லூசிட் கனவே வந்தாலும் காலையில் நினைவில் இல்லையென்றால் வந்தும் வராத மாதிரிதான். அதனால் முதலில் பழக வேண்டியது நினைவு.

ஒரு நோட்டும் பேனாவும் தலைமாட்டில் இருக்கட்டும். செல்போன் வேண்டாம். திரையின் வெளிச்சமும், வந்து நிற்கும் மெசேஜ்களும் கனவை நொடியில் துடைத்துவிடும். படுக்கும்போது "கண் விழித்ததும் கனவை நினைவுகூர்வேன்" என்று இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

விழித்த அந்தக் கணம்தான் எல்லாம். அசையாதீர்கள். கண்ணைத் திறக்காதீர்கள். "என்ன கனவு கண்டேன்?" என்பதைவிட "இப்போது எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன்?" என்று கேட்டால் பதில் சீக்கிரம் வரும். ஒரு முகம், ஒரு கதவு, காரணம் தெரியாத ஒரு பதற்றம் என ஏதாவது ஒரு நுனி கிடைத்தால் போதும். அதைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள்: அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன? ஒன்றுமே வரவில்லையென்றால், கண்ணைத் திறக்காமலே மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படுங்கள். ராத்திரி எந்த வாக்கில் படுத்திருந்தோமோ அந்த வாக்கில் கனவு திரும்ப வருவது உண்டு. பிறகு நான்கைந்து சொல் மட்டும் கிறுக்கிவையுங்கள். விரிவாக எழுதுவது பல் தேய்த்த பிறகு நடக்கட்டும்.

ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"பழைய பள்ளிக்கூடம். பரீட்சை. பேனா எழுதவில்லை. பக்கத்து பெஞ்சில் இறந்துபோன தாத்தா. யாருக்கும் ஆச்சரியமில்லை. படியேறிப் போனால் எங்கள் வீட்டு மாடி வருகிறது. பயம் இல்லை, அவசரம்."

பத்துப் பதினைந்து கனவுகள் சேர்ந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, திரும்பத் திரும்ப வருவதை அடிக்கோடிடுங்கள். மேலே உள்ளதில் பள்ளிக்கூடம், வேலை செய்யாத பொருள், இறந்தவர், பொருந்தாத இடம் என்று நான்கு கிடைக்கின்றன. இவைதான் உங்கள் கனவு அடையாளங்கள். ஆளுக்கு ஆள் இது மாறும். இன்னொருவரின் பட்டியல் உங்களுக்கு உதவாது.

பகலில் சோதித்துப் பார்ப்பது

மூன்றாவது வாரத்திலிருந்து, "இது கனவா?" என்று பகலில் சோதிக்கும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்பகமான சோதனை மூக்குதான். வாயை மூடி, மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுங்கள். விழித்திருந்தால் காற்று வராது. கனவில் தாராளமாக வரும். ஏனென்றால் பிடித்திருப்பது கனவு மூக்கை, படுக்கையில் இருக்கும் உடம்பு பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த முதல் மூச்சு உள்ளே போகும்போது உண்டாகிற திகைப்பு, மறக்க முடியாத ஒன்று.

துணைக்கு இன்னொன்று: ஏதாவது ஒரு வரியைப் படித்துவிட்டு, பார்வையை அகற்றி, மறுபடி படியுங்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிப்போயிருக்கும். டிஜிட்டல் கடிகாரமும் அப்படித்தான்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். நாளுக்கு ஐம்பது தடவை, மூக்கைச் சொறிவது போல யோசனையில்லாமல் பிடித்துப் பார்க்கிறார்கள். பகலில் எப்படிச் செய்கிறோமோ அப்படித்தான் கனவிலும் செய்வோம். மூக்கைப் பிடிப்பார்கள், மூச்சும் வரும், "சரி, கனவில்லை" என்று நடையைக் கட்டுவார்கள். கையைவிடச் சந்தேகம்தான் முக்கியம். அதனால் ஒவ்வொரு தடவையும் முதலில் நின்று யோசியுங்கள்: நான் எங்கே இருக்கிறேன்? ஐந்து நிமிடம் முன்பு எங்கே இருந்தேன்? இங்கே எப்படி வந்தேன்? கனவில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இருக்காது. இந்தக் கேள்விகளுக்குப் பிறகு மூக்கு.

நாளுக்கு எட்டுப் பத்துத் தடவை போதும். உங்கள் கனவு அடையாளத்தோடு முடிச்சுப் போடுங்கள். வேலை செய்யாத பொருள் அடிக்கடி கனவில் வருகிறதென்றால், பேனா எழுதாதபோதும் போன் உறைந்து நிற்கும்போதும் சோதியுங்கள். தூங்கி எழுந்ததும் ஒரு தடவை கட்டாயம் வேண்டும். எழுந்துவிட்டதாகக் கனவு காண்பது மிகச் சாதாரணம். உயரத்திலிருந்து குதித்துப் பார்ப்பது போன்ற சோதனை ஒருபோதும் வேண்டாம். நனவாகவே இருந்தாலும் தீங்கு வராத சோதனைதான் சோதனை.

அலாரம் வைக்கும் இரவு

மேலே சொன்னதெல்லாம் தயாரிப்பு. உண்மையான வேலை இந்த இரவில்தான். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், மறுநாள் விடுமுறையாக இருந்தால் நல்லது.

1. தூங்கத் தொடங்கிய ஐந்து மணி நேரம் கழித்து அடிக்கும்படி அலாரம் வையுங்கள். ஒலி மென்மையாக இருக்கட்டும். எழுந்துதான் அணைக்க முடியும் என்ற தூரத்தில் வையுங்கள்.

2. எழுந்ததும், சற்று முன் கண்ட கனவை நினைவுகூருங்கள். அது கிடைக்காவிட்டால் நோட்டிலுள்ள சமீபத்திய கனவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மங்கலான விளக்கில் 10 முதல் 30 நிமிடம் விழித்திருங்கள். கனவு நோட்டைப் புரட்டுவதற்கு இதைவிட நல்ல நேரமில்லை.

4. திரும்பப் படுத்து, "அடுத்து கனவு காணும்போது, அது கனவென்று எனக்கு ஞாபகம் வரும்" என்று நிதானமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். சொல்லும்போது அதில் மனம் இருக்க வேண்டும்.

5. எடுத்துக்கொண்ட கனவுக்குள் கற்பனையில் மறுபடி நுழையுங்கள். அதே பள்ளிக்கூடம், அதே பெஞ்சு. தாத்தாவைப் பார்க்கிறீர்கள். இந்தத் தடவை "தாத்தா இறந்துவிட்டாரே, இது கனவு" என்று கண்டுகொள்கிறீர்கள். மூக்கைப் பிடிக்கிறீர்கள், மூச்சு வருகிறது.

6. 4, 5 இரண்டையும் தூக்கம் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தூங்குவதற்கு முன் மனதில் கடைசியாக இருப்பது இந்த எண்ணமாக இருக்கட்டும்.

கடைக்குப் போகும் வழியில் தபால் போட வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்துவைப்போமே, அதே நினைவாற்றல்தான் இங்கும் வேலை செய்கிறது. லபெர்ஜ் உருவாக்கிய முறை இந்த எண்ணப் பயிற்சிதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், பகல் சோதனை, அலாரம், இந்த எண்ணப் பயிற்சி மூன்றையும் ஒரு வாரம் சேர்த்துச் செய்தவர்களுக்கு 17 சதவீத இரவுகளில் லூசிட் கனவு கிடைத்தது. பயிற்சியை முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 46 சதவீதம். விழித்திருக்கும் நேரத்தை உங்கள் உடம்புக்கு ஏற்ப வெட்டித் தைக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. திரும்பத் தூக்கம் பிடிக்காமல் புரள்கிறீர்களா? அடுத்த முறை ஐந்து நிமிடத்தில் படுத்துவிடுங்கள், வெளிச்சத்தை இன்னும் குறையுங்கள். தலையணையில் தலை வைத்ததும் எண்ணமெல்லாம் அறுந்துபோய்த் தூங்கிவிடுகிறீர்களா? இன்னும் பத்து நிமிடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள்.

உள்ளே வந்த பிறகு

முதல் லூசிட் கனவு பெரும்பாலும் சந்தோஷத்திலேயே கலைந்துவிடுகிறது. பரபரப்பு விழிப்பைக் கொண்டுவந்துவிடும். கனவென்று தெரிந்ததும் எங்கும் ஓடாதீர்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேயுங்கள். சூடு தெரிகிறதா, ரேகை சொரசொரக்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்துச் சுவரைத் தடவிப் பாருங்கள். புலன்கள் கனவுக்குள் வேலையாக இருக்கும்வரை படுக்கையில் கிடக்கும் உடம்பின் உணர்வு குறுக்கிடாது. ஒரே பொருளை உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பதும், கனவில் கண்ணை மூடுவதும் ஆகாது. காட்சி மங்கினால் மறுபடி கையைத் தேயுங்கள், அல்லது நின்ற இடத்திலேயே சுழலுங்கள்.

என்ன செய்வது என்பதைப் படுக்கும் முன்பே முடிவுசெய்துவையுங்கள். சின்னதாக ஒன்று போதும்: ஒரு கதவைத் திறந்து பார்ப்பது, ஓர் இலையைப் பறித்து நரம்பைத் தடவுவது. கனவு எதிர்பார்ப்பின் பின்னால் போகும். ஒருவரைப் பார்க்க விரும்பினால் வெட்டவெளியில் வரவழைக்க முயலாதீர்கள், வராது. "இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்" என்று நம்பித் திறந்தால் பெரும்பாலும் இருப்பார். பறப்பதும் அப்படித்தான். உயரமாக ஒரு துள்ளல், இறங்கும்போது மெதுவாக இறங்குவோம் என்ற நம்பிக்கை, அங்கிருந்து தொடங்கலாம்.

கலைந்துவிட்டால் அசையாமல் கண்மூடிக் கிடந்து அந்த இடத்தையே நினையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் உள்ளே போய்விட வாய்ப்பு உண்டு.

இப்போதைக்கு வேண்டாதவை

விழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் நழுவும் முறை ஒன்று இருக்கிறது. அது கடினம், அதோடு தூக்க முடக்கத்தில் கொண்டுபோய் விடலாம். "பேய் அமுக்குகிறது" என்பார்களே, அதுதான். மனம் விழித்துக்கொள்ள, ரெம் தூக்கத்தின் தசைப் பூட்டு மட்டும் இன்னும் விடாமலிருக்கும் நிலை. நெஞ்சில் பாரம், அறையில் யாரோ நிற்பது போன்ற தோற்றம் எல்லாம் வரலாம். எப்போதாவது நேர்ந்தால் திமிறாதீர்கள். மூச்சை மெதுவாக விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். விநாடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ தானாக விட்டுவிடும்.

கேலன்டமைன் மாத்திரை பற்றிப் பலர் பேசுவார்கள். அது அல்சைமர் நோய்க்கான மருந்து. குமட்டல், இதயத் துடிப்பு குறைவது போன்ற பக்கவிளைவுகள் அதற்கு உண்டு. தொடங்குபவருக்கு அது தேவையே இல்லை.

எவ்வளவு நாள் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிலருக்கு முதல் அலாரம் இரவிலேயே, சிலருக்கு இரண்டு மூன்று மாதம். பகலில் தூக்கம் சொக்கினாலோ கனவு நினைவே வறண்டுபோனாலோ அலாரத்தை ஒரு வாரம் நிறுத்திவிட்டு நன்றாகத் தூங்குங்கள். நோட்டு மட்டும் தொடரட்டும்.

முதல் லூசிட் கனவு வந்ததும், அதில் என்ன செய்தீர்கள் என்பதோடு, எதைப் பார்த்துக் கனவென்று கண்டுபிடித்தீர்கள் என்பதையும் தேதி, படுத்த நேரம், அலாரம் அடித்த நேரத்தோடு எழுதிவையுங்கள். அடுத்த அலாரம் இரவில், ஐந்தாவது படியில் எடுத்துக்கொள்ள வேண்டிய காட்சி அதுதான்.