உங்கள் வேலையே சொல்லித்தரும் பசுமைப் பழக்கங்கள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

வேலையிடத்தில் யாரும் ஞாபகப்படுத்தாமலே நாம் செய்யும் காரியங்கள் பல உண்டு. பூட்டுவதற்கு முன் எல்லா ஸ்விட்சையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். புதுச் சரக்கு வந்தால் பழையதை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் அடுக்குகிறோம். ஷிஃப்ட் முடியும்போது அளவுகளைப் பதிவேட்டில் குறிக்கிறோம். அதே ஆள் வீட்டில் இருக்கும்போது ஆளில்லாத அறையில் விளக்கு எரிகிறது, ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில் ஏதோ ஒன்று பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது.

அக்கறை இல்லாததால் இப்படி நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. வேலையில் இவை யாருடைய நல்ல மனசையும் நம்பி நடப்பதில்லை. இன்ன இடம், இன்ன நேரம், இன்னார் பொறுப்பு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் அந்த ஏற்பாடு இல்லை, வெறும் எண்ணம்தான் இருக்கிறது. வேலையிடத்து ஏற்பாட்டை அப்படியே கழற்றி வீட்டில் மாட்டுவது எப்படி என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, எழுதி ஒட்டுவதற்குக் காகித டேப், ஓர் அளவுக் கோப்பை போதும்.

படி 1: வேலையில் எதை வீணாக்காமல் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்

"பசுமை" என்ற பெயரில் நடப்பதைத் தேடாதீர்கள். அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்வது இந்தக் கணக்கில் வராது. எதையும் வீணாக்காமல் இருக்க உங்கள் தொழிலே கட்டிவைத்திருக்கும் சின்னச் சின்ன முறைகளைத்தான் எழுத வேண்டும்.

உணவகச் சமையலறையில் இருப்பவருக்குத் தெரியும்: திறந்த டப்பா எதுவானாலும் மேலே தேதி எழுதி ஒட்டாமல் உள்ளே போகாது. முதலில் வந்தது முதலில் வெளியேற வேண்டும். வீட்டில் இந்த ஒரு பழக்கம் செய்யும் வேலை பெரிது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் வீணானது. உணவகங்களையும் கடைகளையும் சேர்த்தால்கூட வீடுகளை எட்டவில்லை.

செவிலியர்களுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் குப்பையைப் பிரிப்பது கைவந்த கலை. அங்குள்ள விதி, கழிவு உண்டாகும் இடத்திலேயே பிரித்துவிட வேண்டும் என்பது. மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் ஆபத்தில்லாத சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் தொற்றுள்ள கழிவு அதில் கொஞ்சம் கலந்துவிட்டாலும் மொத்தத்தையும் ஆபத்தானதாகவே கையாள வேண்டும். வீட்டிலும் இதே கதைதான். ஈரக் குப்பை ஒரு கைப்பிடி விழுந்தால் கூடையில் இருக்கும் நல்ல காகிதம் அத்தனையும் மறுசுழற்சிக்கு உதவாமல் போகும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு ராத்திரி உட்கார்ந்து பிரிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார்கள். குப்பை எங்கே உண்டாகிறதோ அங்கேயே இரண்டு கூடை வையுங்கள்.

ஓட்டுநர்களுக்கு டயரில் காற்று குறைந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பது தெரியும். தையல்காரர் வெட்டுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் துணிமேல் பரப்பிப் பார்ப்பார். ஸ்டோர் பார்ப்பவரிடம் "இருப்பு இவ்வளவுக்குக் கீழே போனால்தான் அடுத்த ஆர்டர்" என்ற கணக்கு இருக்கும். காவலாளிக்குக் கடைசிச் சுற்று. கணக்காளருக்கு மாதக் கடைசி ஒப்பீடு. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர்கள், "எங்கள் வேலையில் அப்படி என்ன இருக்கிறது" என்பார்கள். உங்களிடம் இருப்பது 'டிஃபால்ட்' என்ற கருவி. எந்த அமைப்பை முதலிலேயே வைத்துவிடுகிறோமோ, பெரும்பாலானவர்கள் அதை மாற்றவே மாட்டார்கள் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிரின்டரை இருபக்க அச்சுக்கு மாற்றிவைப்பது போலத்தான் வாஷிங் மெஷினை எப்போதும் குளிர்நீர் அமைப்பில் விட்டுவைப்பதும்.

பட்டியல் நீளவில்லை என்றால் டொயோட்டாவின் டைச்சி ஓனோ வகுத்த ஏழு வீண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருப்பு, தேவையற்ற போக்குவரத்து, தேவைக்கு மேல் வேலைப்பாடு, தேங்கிய சரக்கு, வீண் அசைவு, பழுதான பொருள். இவற்றில் மோசமானது தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதுதான் என்றார் அவர், மற்ற வீண்களுக்கும் அது வழிவிடுவதால். அவர் பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவர் இல்லை, கார் தொழிற்சாலையில் செலவைக் குறைக்கப் பார்த்தவர். ஆனாலும் நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஆறு பேருக்குச் சமைத்தால் என்னவெல்லாம் பின்னால் வரும் என்று யோசித்தால், அவர் சொன்னது சமையலறைக்கும் பொருந்துகிறது.

படி 2: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகும் படி இது. தாண்டாதீர்கள்.

தினமும் ஒரே நேரத்தில் மின் மீட்டரின் எண்ணை நோட்டில் குறியுங்கள். குழாய் ஒழுகினால் அதன் அடியில் அளவுக் கோப்பையைப் பத்து நிமிடம் வைத்து, வந்ததை 144-ஆல் பெருக்குங்கள். ஒரு நாள் கணக்கு கிடைத்துவிடும். தூக்கிப்போட்ட உணவு என்ன, எவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கண் விளக்கின் மேலேயே இருக்கிறது, செலவோ வேறெங்கோ நடக்கிறது. ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடும் அளவு. 9 வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட்டைத் தீர்க்க 111 மணி நேரம் எரிய வேண்டும். 2000 வாட் வாட்டர் ஹீட்டருக்கு அரை மணி நேரம் போதும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக் குறைந்தது 0.087 யூனிட் வேண்டும். அதே மின்சாரத்தில் அந்த எல்இடி பல்பு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒரு கோப்பைக்காக கெட்டில் நிறைய தண்ணீர் ஊற்றுபவர், படிக்கட்டு விளக்கை அணைக்கவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுவதில் அர்த்தமில்லை. சூடாக்குவதையும் குளிர வைப்பதையும் முதலில் பாருங்கள்.

சாதனங்கள் வேலை செய்யாமல், பிளக்கில் மாட்டியபடி ஓய்வு நிலையில் இழுக்கும் மின்சாரமும் இப்படித்தான். ஆண்டு முழுக்க 5 வாட் இழுக்கும் சாதனம் சுமார் 44 யூனிட் தின்றுவிடும். இந்த இழுப்பை ஒரு வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற இலக்கை சர்வதேச எரிசக்தி முகமை 1999-ல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பல வீட்டுச் சாதனங்களுக்கு அரை வாட் வரம்பையே கொண்டுவந்தது. ஆகவே புதிய சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, ஓய்வு நிலையிலும் கைவைத்தால் சுடுகிற பழைய சாதனங்களைத் தேடிப் பிடியுங்கள்.

படி 3: ஒன்றே ஒன்றை எடுங்கள்

அளந்ததில் எது பெரிது, எது உங்கள் வேலை அறிவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை காத்திருக்கட்டும்.

படி 4: பாதுகாப்பு அதிகாரியைப் போல யோசியுங்கள்

இந்தச் செய்முறையின் முதுகெலும்பு இதுதான். தொழிற்சாலையிலோ கட்டுமானத்திலோ வேலை பார்த்தவர்களுக்கு அபாயக் கட்டுப்பாட்டின் ஐந்து படிகள் பழக்கமாக இருக்கும். அபாயத்தையே நீக்கு. முடியாவிட்டால் அதற்குப் பதில் வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்போ கருவியோ பொருத்து. அதற்கும் கீழே விதிமுறை, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஹெல்மெட், கையுறை. மேலே போகப் போக பலன் உறுதி. கீழே வர வர எல்லாமே ஆளின் கவனத்தைப் பொறுத்தது.

நாம் வீட்டில் பசுமை என்று தொடங்குவது பெரும்பாலும் நான்காம் படியில்தான். "விளக்கை அணைக்கவும்" என்று ஒரு சீட்டு ஒட்டுகிறோம். சீட்டுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஹோட்டலில் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருப்பவர்களுக்கு அந்தத் துண்டு அட்டை பரிச்சயம்: "சுற்றுச்சூழலைக் காக்க இந்தக் குளியல் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்." உளவியலாளர்கள் கோல்ட்ஸ்டீன், சால்டீனி உள்ளிட்டோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வழக்கமான வேண்டுகோளுக்கு 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். "பெரும்பாலான விருந்தினர்கள் மறுபடி பயன்படுத்துகிறார்கள்" என்று மாற்றி எழுதியபோது அது 44 சதவீதம் ஆனது. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மிகச் சிறந்த வாசகத்துக்கும் பாதிப்பேருக்கு மேல் அசையவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஏசியை எடுத்துக்கொண்டு ஐந்து படிகளிலும் நடந்து பார்ப்போம். நீக்குவது என்றால் வெயில் படும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் தருவது. அறை சூடாகாவிட்டால் சில நாட்களுக்கு ஏசியே தேவைப்படாது. அடுத்தது, ஏசிக்குப் பதில் மின்விசிறி. அது அறையைக் குளிர வைக்காது, உடம்பின் மேல் காற்றை ஓட்டும், அவ்வளவுதான். ஆனால் ஏசி இழுப்பதில் ஒரு சிறு பங்குதான் இழுக்கும். மூன்றாவது, விடியற்காலையில் தானாக நிற்கும்படி டைமர். நான்காவது, "வெளியே போகும்போது அணைக்கவும்" சீட்டு. கடைசியில், வியர்வையைச் சகித்துக்கொண்டு பல்லைக் கடிப்பது. அது ஹெல்மெட்டுக்குச் சமம். நீங்கள் தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு இதே போல ஐந்து வரி எழுதுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். முடியக்கூடிய முதல் படியில் நின்றுவிடுங்கள்.

படி 5: நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போடுங்கள்

"இனிமேல் மிச்சம்மீதியை வீணாக்க மாட்டேன்" என்று எழுதினால் பயனில்லை. "இரவு பாத்திரம் கழுவி முடித்ததும், ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, நாளைக்கு முடிக்க வேண்டியதை மேல்தட்டில் எடுத்துவைப்பேன்" என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, என்ன என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதினார். வேலையிடத்தின் ஷிஃப்ட் ஒப்படைப்பும் இதே தந்திரம்தான். ஒரு செயல் முடியும் இடத்திலேயே அடுத்ததைக் கட்டிவிடுகிறது.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்ற பேச்சை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு நடத்திய ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை இடைவெளி இருந்தது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பின்னடைவு எதுவும் வரவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தவறவிட்ட நாளைப் பற்றி நோட்டில் புலம்பல் வேண்டாம்.

படி 6: வீட்டில் மேலாளர் ஆகிவிடாதீர்கள்

கூட இருப்பவர்கள் உங்கள் ஊழியர்கள் இல்லை. மூன்று படிவமும் ஒரு விசாரணையும் வைத்தால் மறுநாளே எல்லாம் முடிந்துவிடும். முதல் மாதம் நீங்கள் மட்டும் செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு பொறுப்பைக் கைமாற்றலாம். மீட்டர் எண்ணைக் குறிக்கும் வேலையைக் கேட்டு வாங்குவது பெரும்பாலும் குழந்தைகள்தான்.

படி 7: மாதம் ஒருமுறை கணக்குப் பாருங்கள்

போன மாதத்தோடு ஒப்பிடுவதைவிட, போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுவது நியாயம். பருவம் மாறினால் மின்கணக்கும் மாறும். எண் குறையவில்லை என்றால் படி 4-க்குத் திரும்பி ஒரு படி மேலே ஏறப் பாருங்கள். எண் குறைந்து நிலைத்துவிட்டால் பட்டியலில் அடுத்ததை எடுங்கள்.

வீட்டுக்கு வரக்கூடாத வேலைப் பழக்கங்கள்

எல்லாத் தொழிலும் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லித்தருவதில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது மருத்துவமனையில் தொற்றைத் தடுக்கும். அதே கண்ணோடு வீட்டு அலமாரியில் கையுறைப் பெட்டிகளை அடுக்கினால் குப்பைதான் மிஞ்சும். பெரிய கட்டடங்களைச் சுத்தம் செய்யும் கடும் ரசாயனங்களும் அப்படியே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லேப்டாப்பை மாற்றும் அலுவலக வழக்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு போனோ லேப்டாப்போ தன் ஆயுளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பங்கு, அது உங்கள் கைக்கு வருவதற்கு முன் தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவது, நூறு முறை சார்ஜரைப் பிடுங்குவதைவிடப் பெரிய காரியம்.

புது வேலைக்குப் போகிறீர்களா?

அப்படியானால் உங்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. பழைய சூழல் உடையும்போது பழைய பழக்கமும் தளர்கிறது. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பயணிகள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் சுமார் 5 சதவீதம் பேர் புதிய வழியிலேயே தொடர்ந்தார்கள். அதுவரை எத்தனையோ நாள் போய் வந்தும் தங்களுக்குப் பொருத்தமான வழியைத் தேடிப் பார்க்காதவர்கள் அவர்கள்.

எனவே வேலையில் சேரும் முன்பே, ஒரு விடுமுறை நாளில் பேருந்திலோ ரயிலிலோ சைக்கிளிலோ புது இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம், எங்கே இறங்குவது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று நோட்டில் எழுதுங்கள். விடுமுறை நாளில் நெரிசல் குறைவாக இருக்கும் என்பதால் கால் மணி நேரம் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் திங்கட்கிழமை காரிலோ பைக்கிலோ கிளம்பிவிட்டால், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அடுத்த வேலை மாறும்வரை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.