புது போன் வாங்கும்போது பலரும் கோட்டைவிடும் இடங்கள்

போன் பெட்டியின் மேல் 50 மெகாபிக்சல், 5000 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ‘இதில் திசைகாட்டி கிடையாது’ என்று எந்தக் கம்பெனியும் அச்சடிக்காது. இருப்பதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இல்லாததைக் கேட்காமலே பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கைவைக்கப்படுவது சென்சார்களில்தான். திசைகாட்டியாக வேலை செய்யும் மேக்னடோமீட்டர் என்ற சென்சார் இல்லாத போனில் கூகுள் மேப்ஸைத் திறந்தால், நிற்கும் இடம் நீலப் புள்ளியாகச் சரியாகவே தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. நாலு ரோடு சந்திப்பில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து பார்த்துத்தான் போகிற வழி சரியா என்று கண்டுபிடிக்க வேண்டும். வண்டியில் போகிறவர்களுக்கு இது உறைக்காது, நகர்வதை வைத்தே மேப் திசையைக் கணித்துவிடும். அதேபோல சில போன்களில், முகம் அருகில் வந்ததை உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சாருக்குப் பதிலாக மென்பொருளை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். காதில் வைத்துப் பேசும்போது திரை அணையாமல், கன்னம் பட்டு மியூட் ஆகிவிடும். கடையிலேயே இரண்டையும் சோதித்துவிடலாம். மேப்ஸைத் திறந்து, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றுங்கள். அப்புறம் யாருக்காவது ஒரு கால் போட்டுக் காதில் வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

“அடுத்த அப்டேட்டில் வந்துடும் சார்” என்ற பேச்சை நம்புவது இன்னொரு தவறு. சில சமயம் வரும்தான். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, 5ஜி ஐபோன் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் டிசம்பரில் ஐ.ஓ.எஸ். 16.2 வரும்வரை காத்திருந்தார்கள். அங்கே வன்பொருள் ஏற்கெனவே போனுக்குள் இருந்தது, மென்பொருள் மட்டுமே பாக்கி. ஒன்பிளஸ் 5, 5டி கதை வேறு. திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு முறையான வைட்வைனின் உயர் நிலை, அதாவது எல்1, இல்லாததால் அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் எச்.டி. தரத்தில் ஓடவில்லை. 2018இல் கம்பெனி அதற்கு வழி செய்தபோதும், வழக்கமான அப்டேட்டாக அனுப்ப முடியவில்லை. போனையே தங்களுக்கு அனுப்பச் சொன்னது. போனைக் கருவியருகே காட்டிப் பணம் கட்ட உதவும் என்.எஃப்.சி. மாதிரி, அதற்கான சில்லே (சிப்) போனில் இல்லாத வசதியோ எந்த அப்டேட்டிலும் வராது. இன்று கையில் இல்லாத வசதிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாறுவது அப்டேட் கணக்கில். ‘4 ஆண்டு அப்டேட்’ என்றால் நாம் வாங்கிய நாளிலிருந்து 4 ஆண்டு என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்கு பொதுவாக அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே ஓடுகிறது. கூகுள் பிக்சல் 8 போனை 2023 அக்டோபரில் 7 ஆண்டு வாக்குறுதியோடு கொண்டுவந்தது. கெடு 2030 அக்டோபர். 2025 தீபாவளி ஆஃபரில் அதை வாங்கினால் மிச்சம் 5 ஆண்டு. அது பரவாயில்லை. 2 ஆண்டு மட்டுமே சொன்ன ஒரு மலிவு மாடலை, அது வந்து ஒன்றரை வருஷம் கழித்து ‘செம ஆஃபர்’ என்று பிடித்தால், கிடைப்பது ஆறே மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள விதி இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கிறது: கம்பெனி அந்த மாடலின் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்துதான் அங்கே 5 ஆண்டு எண்ணப்படுகிறது.

எந்த அப்டேட் என்பதையும் கேளுங்கள். ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வருவது வேறு, பாதுகாப்பு அப்டேட் வேறு. இரண்டுக்கும் தனித்தனி ஆண்டுக் கணக்கு இருக்கலாம். ஜிபேயும் வங்கி ஆப்பும் ஓடுகிற போனுக்குப் பின்னதுதான் முக்கியம். செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போனால் கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும். கடையில் காட்சிக்கு வைத்த போனை நம்பாதீர்கள், அதை யாரும் அப்டேட் செய்வதில்லை. அதே கம்பெனியின் ஒரு வருஷப் பழைய போன் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கிப் பாருங்கள். தேதி ஆறேழு மாதம் பின்தங்கியிருந்தால், அடுத்த வருஷம் உங்கள் கதியும் பெரும்பாலும் அதுதான்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் போனிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 வரிசையிலிருந்து சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். பல கம்பெனிகளின் வாரன்டி வாங்கிய நாட்டோடு முடிந்துவிடுகிறது.

கடைசியாக சர்வீஸ் சென்டர். ‘நாடு முழுக்க ஆயிரக்கணக்கில்’ என்பார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எங்கே என்று பாருங்கள். போனை வாங்கும் முன்பே அங்கே ஒரு கால் போட்டு, அந்த மாடலுக்கு டிஸ்பிளே மாற்ற எவ்வளவு என்று விசாரியுங்கள். “ஸ்டாக் இல்லை, ஆர்டர் போடணும்” என்று பதில் வந்தால், எத்தனை நாள் ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.